அத்தியாயம் 6: ஸ்வீப் முறைகளைக் கையாளுதல்

ஸ்பெக்ட்ரம் அனலைசரை இயக்கி, அன்ரனாவைப் பொருத்தி, திரையில் ஒரு கோடு நெளிவதைப் பார்ப்பதுவரை முந்தைய அத்தியாயங்களில் வந்துவிட்டோம். மெனுவுக்குள் போனால் ஸ்வீப் என்ற தலைப்பின் கீழ் பல தெரிவுகள் இருக்கும்: தொடர், ஒற்றை, வேகம், துல்லியம், மக்ஸ் ஹோல்ட், மின் ஹோல்ட், சராசரி, ஸீரோ ஸ்பான், ட்ரிகர். பலர் இவற்றைத் தொடுவதே இல்லை. வாங்கியபோது இருந்த நிலையிலேயே வருடக்கணக்காக ஓட்டுகிறார்கள். அப்படி ஓட்டுகிறவருக்குக் கருவி பாதியைத்தான் காட்டும். அந்தப் பாதியிலும் நம்ப முடியாதவை கலந்திருக்கும்.

இந்த அத்தியாயத்தின் சாரம் இதுதான்: தேடும் சிக்னல் எந்த மீடிறனில் இருக்கிறது என்று கேட்பதற்கு முன், அது எப்போது இருக்கிறது என்று கேளுங்கள். எந்நேரமும் இருப்பதா, விட்டுவிட்டு வருவதா, மின்னி மறைவதா? இதற்கு விடை கிடைத்தால் எந்த முறையைத் தெரிவு செய்வது என்பதில் குழப்பம் இராது.

உதாரணங்களைக் கிளிவெட்டியிலிருந்தும் அதன் அயலிலிருந்தும் எடுத்திருக்கிறேன். மூதூரிலிருந்து சேருநுவர, வெருகல் பக்கம் போகும் ஏ-15 வீதியில் உள்ள இந்த ஊரைச் சுற்றி வயல்வெளி. வடக்கே கொட்டியாரக் குடாவும் அதற்கப்பால் திருகோணமலைத் துறைமுகமும். நகரத்தின் வானொலி இரைச்சல் இங்கே குறைவு. ஆனால் கப்பல்களின் ஒலிபரப்பு உண்டு, எஃப்எம் நிலையங்கள் உண்டு, யானை வேலி உண்டு, கோயில் திருவிழாவின் வயர்லெஸ் மைக் உண்டு. ஸ்வீப் முறைகளைப் பழக இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

திரையில் உள்ள கோடு எப்படி வருகிறது

கோடு முழுதாகத் தெரிவதால் அது ஒரே கணத்தில் எடுத்த படம் என்று எண்ணிவிடக் கூடாது. இரவில் வயற்காவலுக்குப் பரணில் இருப்பவர் டோர்ச்சை வடக்கு வரம்பிலிருந்து தெற்கு வரம்புவரை நகர்த்திப் பார்க்கிறார். வெளிச்சம் படும் இடத்தில் பன்றி நின்றால் தெரியும். வெளிச்சம் கடந்த பிறகு வந்தால் அடுத்த சுற்றுவரை தெரியாது. ஸ்வீப்பும் இதே வேலைதான். தொடக்க மீடிறனிலிருந்து முடிவு மீடிறன்வரை கருவி ஒரு வடிகட்டியை நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு வலு என்று அளந்து, இடமிருந்து வலமாகக் கோட்டை வரைகிறது. கோட்டின் இடது முனையும் வலது முனையும் வெவ்வேறு நேரத்துக்குரியவை.

இதில் மூன்று அளவுகள் ஒன்றோடொன்று பிணைந்தவை. முதலாவது ஸ்பான்: எவ்வளவு அகலத்தைத் துழாவுகிறோம். இரண்டாவது ஆர்.பி.டபிள்யூ.: நகரும் வடிகட்டியின் அகலம். மூன்றாவது ஸ்வீப் நேரம்: ஒரு சுற்றுக்கு எடுக்கும் காலம். வடிகட்டி ஒடுங்க ஒடுங்க, அது ஒரு சிக்னலுக்கு முழுதாகப் பதில் சொல்ல எடுக்கும் நேரம் கூடும். ஆகவே தேவையான ஸ்வீப் நேரம், ஸ்பானை ஆர்.பி.டபிள்யூ.வின் வர்க்கத்தால் வகுத்து வருவதைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. எஃப்எம் பட்டை முழுவதையும், அதாவது 87.5 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரையான 20.5 மெகாஹேர்ட்ஸைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

- ஆர்.பி.டபிள்யூ. 100 கிலோஹேர்ட்ஸ்: ஏறக்குறைய 5 மில்லிசெக்கன்
- 30 கிலோஹேர்ட்ஸ்: 57 மில்லிசெக்கன்
- 10 கிலோஹேர்ட்ஸ்: அரைச் செக்கன்
- 3 கிலோஹேர்ட்ஸ்: 5.7 செக்கன்

வடிகட்டியைப் பத்திலொன்றாக ஒடுக்கினால் நேரம் நூறு மடங்காகிறது. அதற்குக் கிடைக்கும் பலன், இரைச்சல் மட்டம் 10 டெசிபல் கீழே இறங்குவது. மெலிந்த சிக்னலைக் காண வேண்டுமானால் இந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். மேலே உள்ள நேரங்கள் வடிகட்டியின் தேவையை மட்டும் சொல்பவை. கையடக்கக் கருவிகள் ஒவ்வொரு புள்ளியிலும் நின்று, நிலைத்து, பிறகு அளப்பதால் இன்னும் கூடுதலாக எடுக்கும்.

நெதர்லாந்தைச் சேர்ந்த எரிக் காஷூக் வடிவமைத்து 2020இல் வெளிவந்த டைனிஎஸ்ஏ இந்தக் கையடக்க வகைக்கு நல்ல உதாரணம். முதல் மாதிரி 100 கிலோஹேர்ட்ஸிலிருந்து 960 மெகாஹேர்ட்ஸ் வரை இரண்டு உள்ளீடுகளால் பார்க்கும். திரையில் ஒரு கோட்டுக்கு 290 புள்ளிகள். எஃப்எம் பட்டையை 290 ஆல் வகுத்தால் புள்ளிக்குப் புள்ளி ஏறக்குறைய 71 கிலோஹேர்ட்ஸ். ஆர்.பி.டபிள்யூ.வை அதைவிடக் குறைத்தால் புள்ளிகளுக்கு இடையில் இடைவெளி விழும். நல்ல கருவி அந்த இடைவெளியையும் தானே அளந்து நிரப்பும், ஆனால் ஸ்வீப் நீளும். அப்படி நிரப்பாத கருவியில் இடையில் உள்ள நிலையம் காணாமலே போகும். ஸ்பானைப் புள்ளி எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்து, ஆர்.பி.டபிள்யூ. அதைவிடக் குறையாமல் வைப்பதே பாதுகாப்பு.

தொடர் ஸ்வீப்பும் ஒற்றை ஸ்வீப்பும்

தொடர் ஸ்வீப் என்பது ஒரு சுற்று முடிந்ததும் அடுத்ததைத் தொடங்குவது. எந்நேரமும் இருக்கும் சிக்னல்களுக்கு இது போதும். முதற் பயிற்சியை எஃப்எம் பட்டையில் செய்யுங்கள்.

1. தொடக்கம் 87.5, முடிவு 108 மெகாஹேர்ட்ஸ். ஆர்.பி.டபிள்யூ. 100 கிலோஹேர்ட்ஸ். ஸ்வீப் நேரம் தானியங்கி.
2. நிமிர்ந்து நிற்கும் முனைகள் ஒவ்வொன்றிலும் மார்க்கரை வைத்து மீடிறனையும் வலுவையும் குறியுங்கள்.
3. ஒரு நிலையத்தைத் தெரிவு செய்து, அதை நடுவில் வைத்து ஸ்பானை 1 மெகாஹேர்ட்ஸாகவும் ஆர்.பி.டபிள்யூ.வை 10 கிலோஹேர்ட்ஸாகவும் குறையுங்கள்.

மூன்றாம் படியில் கோடு அமைதியாக நிற்காது. பாட்டுக்கும் பேச்சுக்கும் ஏற்றபடி எஃப்எம் அலை இருபுறமும் 75 கிலோஹேர்ட்ஸ் வரை ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஸ்வீப்பும் அந்த ஓட்டத்தின் வெவ்வேறு கணத்தைப் பிடிப்பதால் வடிவம் மாறிக்கொண்டே வரும். கருவி பழுதில்லை. அலையின் இயல்பே அதுதான்.

ஒற்றை ஸ்வீப் ஒரு சுற்றோடு நிற்கும். பதிவு செய்யவும், மார்க்கரை நிதானமாக நகர்த்திப் படிக்கவும், "முன்பு", "பின்பு" என்று ஒப்பிடவும் இதைப் பயன்படுத்துங்கள். வீட்டில் எல்ஈடி குமிழ் எரியும்போது ஒன்று, அணைத்த பிறகு ஒன்று என எடுத்தால் குமிழின் குற்றம் கண்முன் தெரியும். மலிவான எல்ஈடி குமிழின் உள்ளே இருக்கும் சுவிச்சிங் மின்சுற்று, மத்திய அலையிலும் சிற்றலையிலும் சம இடைவெளியில் வரிசையாக முனைகளை எழுப்பும். 60 கிலோஹேர்ட்ஸில் அது சுவிச் செய்தால் 60 கிலோஹேர்ட்ஸுக்கு ஒரு முனை. இந்த ஒழுங்கான வரிசையைக் கண்டதும் சுவிச்சிங் மின்வழங்கி ஒன்றை வீட்டுக்குள்ளேயே தேடலாம். சோலார் இன்வேர்ட்டரும் கைத்தொலைபேசி சார்ஜரும் இதே குடும்பம்.

வேகமா, துல்லியமா

பல கருவிகளில் வேகம், சாதாரணம், துல்லியம் என மூன்று நிலை இருக்கும். வேக நிலையில் கருவி ஒவ்வொரு புள்ளியிலும் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கிறது. தேடுவதற்கு அது நல்லது. அளப்பதற்குக் கூடாது. வடிகட்டி நிலைக்கும் முன்பே அளந்தால் சிக்னலின் உயரம் குறைந்து தெரியும், உச்சி ஸ்வீப் போகும் திசையில் சற்றுத் தள்ளியும் விழும். ஆய்வுகூடங்களில் உள்ள பெரிய கருவிகள் இந்த நிலையில் ஓர் எச்சரிக்கையைத் திரையில் காட்டும். சிறிய கருவிகள் பெரும்பாலும் மௌனமாக இருக்கும்.

ஆகவே இந்த ஒழுங்கைக் கைக்கொள்ளுங்கள்: வேகத்தில் தேடி, சாதாரணத்தில் உறுதிசெய்து, துல்லியத்தில் அளந்து எழுதுங்கள். சாதாரணத்திலும் துல்லியத்திலும் வரும் வலு 1 டெசிபலுக்கு மேல் வேறுபட்டால் துல்லிய நிலையின் எண்ணையே எடுங்கள்.

மக்ஸ் ஹோல்ட், மின் ஹோல்ட், சராசரி

இம்மூன்றும் பல ஸ்வீப்புகளை ஒன்று சேர்க்கும் முறைகள். மக்ஸ் ஹோல்ட் ஒவ்வொரு புள்ளியிலும் இதுவரை கண்ட உச்சத்தை வைத்திருக்கும். மின் ஹோல்ட் இதுவரை கண்ட மிகக் குறைந்ததை வைத்திருக்கும். சராசரி கூட்டி வகுக்கும்.

விட்டுவிட்டு வரும் சிக்னலுக்கு மக்ஸ் ஹோல்ட். இதன் அருமையைக் கப்பல்களைக் கொண்டு அறியலாம். துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல்கள் தம் பெயர், இருப்பிடம், வேகம் ஆகியவற்றை ஏஐஎஸ் என்ற தானியங்கி முறையில் 161.975, 162.025 மெகாஹேர்ட்ஸ் ஆகிய இரண்டு மீடிறன்களில் மாறி மாறி அனுப்புகின்றன. ஓர் அறிவிப்பு ஏறக்குறைய 27 மில்லிசெக்கன்தான். ஓடும் கப்பல் சில செக்கன்களுக்கு ஒருமுறை அனுப்பும். நங்கூரமிட்ட கப்பல் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை. வீட்டுக் கூரைக்கு மேல் உயர்த்திய அன்ரனா இருந்தால் இவற்றைப் பிடிக்க முயலலாம்.

கடல்சார் விஎச்எஃப் பட்டையை 156 முதல் 163 வரை, 7 மெகாஹேர்ட்ஸ் அகலத்தில், சுற்றுக்கு அரைச் செக்கன் வீதம் துழாவுகிறீர்கள் என்று வைப்போம். 25 கிலோஹேர்ட்ஸ் அகலமான ஏஐஎஸ் சனலின் மேல் கருவி நிற்பது ஒரு சுற்றில் 2 மில்லிசெக்கன்கூட இல்லை. 27 மில்லிசெக்கன் நீளமான ஓர் அறிவிப்பு அந்தக் கணத்தோடு மோதும் வாய்ப்பு ஏறக்குறைய பதினேழில் ஒன்று. தொடர் ஸ்வீப்பை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "கப்பல் ஒன்றும் இல்லை" என்று முடிவெடுத்தால் அது தவறு. மக்ஸ் ஹோல்ட்டைப் போட்டுவிட்டு அரை மணித்தியாலம் விடுங்கள். இரண்டு முனைகளும் மெல்ல எழுந்து நிற்கும். அழைப்புச் சனலான 16, அதாவது 156.8 மெகாஹேர்ட்ஸும் கூடவே எழலாம்.

இதே வேலைக்குச் சராசரியைப் போட்டால் என்ன நடக்கும்? இரைச்சலுக்கு மேல் 30 டெசிபல் உயர்ந்த அறிவிப்பு 16 ஸ்வீப்பில் ஒன்றில் மட்டும் அகப்பட்டால், டெசிபலில் சராசரி எடுக்கும் கருவியில் அது 2 டெசிபல் புடைப்பாகச் சுருங்கிவிடும். கண்ணில் படாது. சராசரி நிலையான, மெலிந்த சிக்னலுக்கு உரியது. 16 ஸ்வீப்பின் சராசரி இரைச்சலின் நடுக்கத்தை நான்கில் ஒன்றாக்கும், இரைச்சலின் மட்டத்தை இறக்காது. நடுக்கம் அடங்கியதும், 2 அல்லது 3 டெசிபல் மட்டுமே உயர்ந்து நிற்கும் ஒரு தூர நிலையம் தெளிவாகும்.

மின் ஹோல்ட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விட்டுவிட்டு வருபவை எல்லாம் அதில் அழிந்து, எந்நேரமும் நிற்பவை மட்டும் மிஞ்சும். ஒன்றுக்கு மேற்பட்ட கோடு வரையும் கருவியில் ஒன்றை மக்ஸ் ஆகவும் மற்றதை மின் ஆகவும் வையுங்கள். இரண்டும் நெருங்கி நிற்கும் இடத்தில் நிலையான ஒலிபரப்பு. மக்ஸ் மட்டும் எழுந்து மின் கீழே கிடக்கும் இடத்தில் யாரோ அவ்வப்போது பேசுகிறார்கள்.

திருவிழாவுக்கு இதைப் பயன்படுத்தலாம். கிளிவெட்டி முத்துமாரியம்மன் கோயிலிலோ வேறெங்கோ வயர்லெஸ் மைக் வைத்தால், அதன் மீடிறனில் வேறெதுவும் இருக்கக் கூடாது. ஒலிபெருக்கி போடுபவர் கதாப்பிரசங்கத்தின் நடுவில் கரகரப்பு வந்த பிறகு தேடி ஓடுவதைவிட, முதல்நாள் அதே நேரத்தில், அதே இடத்தில், மைக்கை அணைத்துவிட்டு அந்தப் பட்டையை மக்ஸ் ஹோல்ட்டில் அரை மணித்தியாலம் விட்டுப் பார்க்கட்டும். அதன் பிறகும் தட்டையாகவே இருக்கும் இடத்தில் மைக்கை வைத்தால் துணிந்து விழாவை நடத்தலாம். பகலில் பார்த்து இரவுக்கு முடிவெடுக்க வேண்டாம்.

இரவு முழுவதும் மக்ஸ் ஹோல்ட் விடுவது எஃப்எம் பட்டையிலும் பயன் தரும். காற்றடங்கிய இரவுகளிலும் விடியற்காலைகளிலும் கடலின் மேல் சூடான காற்றுப் படலம் அமையும்போது அலைகள் வழக்கத்தைவிட வெகுதூரம் வரும். அப்போது காரைக்கால் வானொலியின் 100.3 மெகாஹேர்ட்ஸ் போன்ற அக்கரை நிலையங்கள் கிழக்குக் கரையை எட்டக்கூடும். மாலையில் ஒன்று, விடிந்ததும் ஒன்று எனப் பதிவெடுத்து ஒப்பிடுங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: இடியும் மின்னலும்கூட மக்ஸ் ஹோல்ட்டில் தடம் பதிக்கும். புதிய முனை ஒன்றைக் கண்டால் தொடர் ஸ்வீப்பில் மீண்டும் பார்த்து உறுதிசெய்யாமல் எழுத வேண்டாம்.

மின்னி மறையும் இரைச்சல்: யானை வேலி

"தம்பி, வேலி போட்ட நாளிலயிருந்து றேடியோ டிக் டிக் எண்டு அடிக்குது, செய்தி கேக்கேலாமக் கிடக்கு" என்று வயல்காரர் ஒருவர் வந்து சொன்னால் ஸ்வீப் முறைகள் எல்லாவற்றுக்கும் வேலை வந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

யானை மின்வேலியின் இயக்கி ஏறக்குறைய செக்கனுக்கு ஒருமுறை ஒரு குறுகிய உயர்வோல்ற்றளவுத் துடிப்பை வேலிக் கம்பிக்குள் செலுத்துகிறது. வேலி நன்றாக இருந்தால் அது வானொலியை அதிகம் கெடுக்காது. புல் கம்பியில் சாய்ந்தாலோ, இன்சுலேற்றர் வெடித்திருந்தாலோ, கம்பி முடிச்சு துருப்பிடித்து விலகியிருந்தாலோ அந்த இடத்தில் பொறி பறக்கும். பொறி பறக்கும்போது மத்திய அலைப் பட்டை முழுவதும் ஒரே கணத்தில் இரைச்சல் எழும்.

கருவியை 0.5 முதல் 2 மெகாஹேர்ட்ஸ் வரை வைத்து, ஆர்.பி.டபிள்யூ.வை 10 கிலோஹேர்ட்ஸாக்கி, ஸ்வீப் நேரத்தைக் கையால் 3 செக்கனுக்கு மாற்றுங்கள். டிடெக்டர் தெரிவு இருந்தால் பீக் வையுங்கள். இல்லாவிட்டால் சில துடிப்புகள் தவறக்கூடும். இப்போது திரையில் ஊசிபோல் சில முனைகள் எழும். 1.5 மெகாஹேர்ட்ஸை 3 செக்கனில் கடப்பதால் கருவி செக்கனுக்கு 500 கிலோஹேர்ட்ஸ் வேகத்தில் போகிறது. துடிப்புகள் 1.2 செக்கன் இடைவெளியில் வந்தால் ஊசிகள் 600 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் நிற்கும். பார்ப்பவருக்கு அவை இரண்டு நிலையங்கள்போலவே தோன்றும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஊசிகள் அடுத்தடுத்த ஸ்வீப்பில் இடம் மாறினால் சந்தேகம் வரும். ஸ்வீப் நேரம் துடிப்பு இடைவெளியின் முழு மடங்காக அமைந்துவிட்டாலோ அவை ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும், உண்மையான ஒலிபரப்பு என்றே நம்ப வைக்கும். இதைப் பிரித்தறிய ஒரு சோதனை போதும்: ஸ்வீப் நேரத்தை 3 செக்கனிலிருந்து 6 செக்கனாக மாற்றுங்கள். உண்மையான நிலையம் தன் மீடிறனிலேயே நிற்கும். துடிப்பின் ஊசிகளோ 600 இடைவெளியிலிருந்து 300 கிலோஹேர்ட்ஸ் இடைவெளிக்குச் சுருங்கி எண்ணிக்கையில் பெருகும். ஸ்வீப் நேரத்தை மாற்றியதும் நகரும் எதுவும் அந்த மீடிறனுக்குரியதாக இருக்க முடியாது. இந்த ஒரு சோதனையை மட்டும் இந்த அத்தியாயத்திலிருந்து எடுத்துச் சென்றாலும் எனக்கு மகிழ்ச்சி.

ஸீரோ ஸ்பானும் ட்ரிகரும்

துடிப்பு என்று தெரிந்தபின் அதை நேரத்தில் பார்க்க வேண்டும். ஸ்பானைப் பூச்சியமாக்கினால் கருவி நகர்வதை நிறுத்தி ஒரே மீடிறனில் நிற்கும். கிடை அச்சு இப்போது மீடிறனைக் காட்டாது, நேரத்தைக் காட்டும். வேலிக்கு இப்படிச் செய்யுங்கள்:

1. மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத ஓர் இடத்தை நடு மீடிறனாக வையுங்கள்.
2. ஆர்.பி.டபிள்யூ.வை 100 கிலோஹேர்ட்ஸோ அதற்கு மேலோ ஆக்குங்கள். குறுகிய துடிப்புக்கு அகன்ற வடிகட்டி வேண்டும்.
3. ஸ்வீப் நேரம் 20 மில்லிசெக்கன்.
4. ட்ரிகரை நோர்மல் நிலையில், இரைச்சலுக்கு 10 டெசிபல் மேலே வையுங்கள்.

இனித் துடிப்பு வந்தால்தான் திரை புதுப்பிக்கப்படும். செக்கனுக்கு ஏறக்குறைய ஒருமுறை திரை மாறினால் குற்றவாளி வேலிதான்.

இதே முறையில் மின்கம்பியின் இன்சுலேற்றர் கோளாற்றையும் பிரித்தறியலாம். கடலோரத்தில் உப்புப் படிந்த இன்சுலேற்றரில் மின்கசிவுப் பொறி ஏற்படுவது வழமை. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதன் நேர் உச்சியிலும் எதிர் உச்சியிலும் பொறி பறப்பதால், துடிப்புக் கூட்டங்கள் 10 மில்லிசெக்கனுக்கு ஒன்றாக வரும். ஸ்வீப் நேரத்தை 50 மில்லிசெக்கனாக்கினால் திரையில் ஐந்து கூட்டங்கள் சம இடைவெளியில் நிற்கும். செக்கனுக்கு ஒன்று என்றால் வேலி, 10 மில்லிசெக்கனுக்கு ஒன்று என்றால் மின்கம்பி, சம மீடிறன் இடைவெளியில் நிலையான வரிசை என்றால் சுவிச்சிங் மின்வழங்கி. மூன்றையும் ஒரே கருவியில், ஸ்வீப் முறையை மாற்றியே கண்டுபிடித்துவிட்டோம்.

பொறி பறக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சிறிய வளைய அன்ரனாவோடு வேலியிலிருந்து விலகி, அதற்குச் சமாந்தரமாக நடந்து துடிப்பின் உயரத்தைப் பாருங்கள். கூடிக் கூடிப் போய்க் குறையத் தொடங்கும் இடத்தில் நின்று காது கொடுத்தால் பொறியின் சத்தமே கேட்கும். இருட்டில் நீலப் பொறியும் தெரியும். வேலியைத் தொடவோ திருத்தவோ அணைக்கவோ வேண்டாம். அது வயலையும் உயிரையும் காக்கும் வேலி. இடத்தைக் குறித்து வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ வேலியைப் பராமரிக்கும் கமக்காரர் சங்கத்துக்கோ சொல்லுங்கள். பொறி பறக்கும் வேலி யானைக்கும் சரியாக உறைக்காது. வானொலிக் கோளாற்றைக் காட்டிக்கொடுத்தால் வேலியின் கோளாறும் சேர்ந்தே சரியாகும்.

வீட்டிலிருந்தபடி ஸீரோ ஸ்பானைப் பழக, 433.92 மெகாஹேர்ட்ஸில் வேலை செய்யும் வாகன ரிமோட் ஒன்று போதும். நடு மீடிறனை அங்கே வைத்து, ட்ரிகரை ஒற்றை நிலையில் வைத்து, பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலான சாதாரண ரிமோட்களின் குறியீடு ஏறியும் இறங்கியும் நிற்கும் சதுரப் படிகளாகத் திரையில் உறையும்.

கருவிக்குள்ளேயே பிறக்கும் சிக்னல்

மின்னி மறைபவற்றை ஸ்வீப் நேரத்தை மாற்றிப் பிரித்தோம். கருவியின் உள்ளேயே உருவாகும் போலிகளுக்கு வேறொரு சோதனை உண்டு. திருகோணமலையில் ஜேர்மன் வானொலியான டொய்ச்ச வெல்ல நடத்தி, பின்னர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் வந்த அஞ்சல் நிலையம் நூற்றுக்கணக்கான கிலோவாற் வலுவில் ஒலிபரப்பக் கட்டப்பட்டது. அப்படிப்பட்ட வலுவான சிற்றலை, மத்திய அலைகள் நீண்ட கம்பி அன்ரனா வழியே சிறிய கருவிக்குள் புகுந்தால், அவை உள்ளே கலந்து இல்லாத மீடிறன்களில் முனைகளை உண்டாக்கும்.

உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கும் அற்றனுவேற்றரை 10 டெசிபல் கூட்டிப் பாருங்கள். கருவி அதற்கு ஈடுசெய்துதான் காட்டும் என்பதால் உண்மையான சிக்னல் அதே உயரத்தில் நிற்கும், இரைச்சல் மட்டம் மட்டும் உயரும். இரண்டு வலுவான அலைகள் கலந்து பிறந்த மூன்றாம் வரிசைப் போலியோ 20 டெசிபல் வீழ்ந்துவிடும்.

பாதுகாப்பும் சட்டமும்

டைனிஎஸ்ஏயின் உள்ளீடு, உள் அற்றனுவேற்றர் இல்லாத நிலையில் தாங்கும் உச்சம் +10 டிபிஎம். 5 வாற் கைவானொலி வெளியிடுவது +37 டிபிஎம். அதை நேரடியாகப் பொருத்தினால் பொத்தானை அழுத்திய கணமே கருவி போய்விடும். 5 வாற்றைத் தாங்கக்கூடிய அற்றனுவேற்றரை முதலில் வைத்து, மொத்தம் 60 டெசிபல் வரை குறைத்த பிறகே இணையுங்கள். இடி முழங்கும் பின்னேரங்களில் வெளி அன்ரனாவைக் கழற்றிவிடுங்கள்.

இக்கருவிகள் பலவற்றில் சிக்னல் ஜெனரேற்றரும் உண்டு. அந்த நிலையில் அன்ரனாவைப் பொருத்தாதீர்கள். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் அனுமதியின்றி ஒலிபரப்புவது குற்றம். உங்கள் தேடலில் சட்டவிரோதமான இடையூறு ஒன்று அகப்பட்டால் அதற்கு உரிய இடம் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு.

முறையைத் தெரிவு செய்ய ஒரு சுருக்கம்

- எந்நேரமும் நிற்கும் வலுவான சிக்னல்: தொடர் ஸ்வீப், பிறகு துல்லிய நிலையில் ஒற்றை.
- எந்நேரமும் நிற்கும் மெலிந்த சிக்னல்: ஸ்பானைக் குறை, ஆர்.பி.டபிள்யூ.வைக் குறை, சராசரி.
- விட்டுவிட்டு வருவது: மக்ஸ் ஹோல்ட், பொறுமை.
- நிலையானதையும் வந்துபோவதையும் பிரிக்க: மக்ஸும் மின்னும் சேர்த்து.
- மின்னி மறைவது: ஸ்வீப் நேரத்தை மாற்றும் சோதனை, பிறகு ஸீரோ ஸ்பானும் ட்ரிகரும்.
- சந்தேகமான எதுவும்: அற்றனுவேற்றர் சோதனை.

ஒவ்வோர் அளவீட்டோடும் திகதி, நேரம், அன்ரனா, தொடக்க மீடிறன், முடிவு மீடிறன், ஆர்.பி.டபிள்யூ., ஸ்வீப் நேரம், முறை, அற்றனுவேற்றர் ஆகிய ஒன்பதையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். முறையையும் நேரத்தையும் எழுதாமல் வைத்த படம் ஒரு மாதம் கழித்து உங்களுக்கே உதவாது.

மாரி பெய்து மகாவலி பெருகும் நாட்களில் மின்சாரமும் கைத்தொலைபேசிக் கோபுரமும் படுத்தாலும், பற்றரியில் ஓடும் ஒரு சிறு வானொலி செய்தி கொண்டுவரும். கடலில் நிற்கும் மீனவருக்கு விஎச்எஃப் சனல் 16 உயிர்காக்கும் வழி. அந்த அலைகளை இரைச்சல் இல்லாமல் வைத்திருப்பது இலத்திரனியல் படித்த ஒவ்வொருவரும் ஊருக்குச் செய்யக்கூடிய சேவை. வானம் தெளிந்திருக்கும் இப்போதே உங்கள் ஊரின் பட்டைகளை ஒருமுறை அளந்து பதிந்து வையுங்கள். கோளாறு வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பதிவு கட்டாயம் தேவைப்படும்.